கையறுநிலை கற்றுக்கொள்வதா, கட்டுப்பாடு கற்றுக்கொள்வதா?

கேள்வி: மூன்று முறை குரூப் 2 தேர்வெழுதித் தோற்ற என் தம்பி இப்போது விண்ணப்பிக்கவே மறுக்கிறான். இதைக் ‘கற்றறிந்த கையறுநிலை’ என்கிறார்கள். குட்டியாக இருந்தபோது சங்கிலியில் கட்டப்பட்ட யானை வளர்ந்த பிறகும் அதை இழுத்துப் பார்ப்பதில்லை என்ற கதையையும் சொல்கிறார்கள். மூளைக்குக் காந்தத் தூண்டல் கொடுத்தால் மன அழுத்தத்தைத் தாங்கும் வலிமை வரும் என்று படித்தேன். உண்மையா?

பதில்: பாதி உண்மை. எலிகளின் மூளையில் குறிப்பிட்ட ஓரிடத்தைத் தூண்டி, பின்னர் வரும் அழுத்தத்தை அவை தாங்கும்படி செய்ய முடிந்திருக்கிறது. மனிதரில் காந்தத் தூண்டல் என்பது மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை. நோய் இல்லாத ஒருவரை அழுத்தத்துக்கு அசையாதவராக ஆக்கும் முறையாக அது இன்னும் நிறுவப்படவில்லை. நம் ஊடகங்களில் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லை நெருக்கடிக்கும் மனச்சோர்வு என்னும் நோய்க்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால் இந்த வேறுபாடு மறைந்துபோகிறது. இந்தப் பதிலில் மன அழுத்தம் என்றால் வெளியிலிருந்து வரும் நெருக்கடி, மனச்சோர்வு என்றால் நோய். அந்த யானைக் கதையைப் பொறுத்தவரை, அது தலைகீழானது என்பது என் கருத்து. காரணத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. சங்கப் பாடல்களில் தலைவனை இழந்தவர்கள் செயலற்றுப் புலம்பும் துறைக்குக் கையறுநிலை என்று பெயர். ஆங்கிலத்தின் ‘ஹெல்ப்லெஸ்னெஸ்’ என்பதற்கு ‘உதவியின்மை’ என்ற மொழிபெயர்ப்பைக் காட்டிலும் இது பொருத்தமானது என்பேன். ஏனெனில் இந்தக் கருத்து பிறந்த ஆய்வுக்கூடத்தில் நாய்களிடம் காணப்பட்டது உதவி கிடைக்காத நிலை அன்று. கையிருந்தும் செயல் அற்றுப்போன நிலை.

அந்த ஆய்வு 1967இல் வெளிவந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மாணவர்களாக இருந்த மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகிய இருவரும் நாய்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். முதல் குழு நாய்கள் துணித்தொட்டில் போன்ற ஒரு சேணத்தில் அசையாமல் நிறுத்தப்பட்டு, அவற்றின் பின்னங்கால்களில் மின்னதிர்ச்சி தரப்பட்டது. தலைக்கு இருபுறமும் இருந்த பலகையைத் தலையால் அழுத்தினால் அதிர்ச்சி நின்றுவிடும். இரண்டாம் குழு நாய்களுக்கும் அதே சேணம், அதே எண்ணிக்கையில் அதே அளவு அதிர்ச்சி. ஆனால் பலகையை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. முதல் குழு அதிர்ச்சியை நிறுத்த எடுத்துக்கொண்ட நேரத்தை ஒட்டியே இவற்றுக்கும் நின்றது. மூன்றாம் குழுவுக்கு அதிர்ச்சியே இல்லை. ஒரு நாள் கழித்து மூன்று குழுக்களையும் நடுவே தடுப்பு வைத்த ஒரு பெட்டியில் விட்டார்கள். விளக்கு மங்கிய சில நொடிகளில் தரையில் மின்சாரம் பாயும். தடுப்பைத் தாண்டி அடுத்த பாதிக்குக் குதித்தால் தப்பிக்கலாம். இரண்டாம் குழுவின் 8 நாய்களில் 6 நாய்கள், பத்து வாய்ப்புகளில் ஒன்பதிலோ பத்திலுமோ தப்பவில்லை. முதல் குழுவில் அப்படி ஒரு நாய்கூட இல்லை.

இந்த ஆய்வின் கூர்மை அந்த இரண்டாம் குழுவில்தான் இருக்கிறது. முதல் குழுவும் இரண்டாம் குழுவும் பட்ட வலி ஏறத்தாழ ஒன்றே. ஆகவே நாய்களை முடக்கியது வலியின் அளவு அன்று. தான் செய்வதற்கும் தனக்கு நேர்வதற்கும் இடையில் தொடர்பு இருந்ததா இல்லையா என்பதுதான் வேறுபாட்டை உண்டாக்கியது. ‘எவ்வளவு கஷ்டப்பட்டான்’ என்று கேட்கும் நமக்கு, ‘அந்தக் கஷ்டத்தின்மேல் அவனுக்குக் கொஞ்சமாவது பிடி இருந்ததா’ என்ற கேள்வி எளிதில் தோன்றுவதில்லை. இன்றைய நெறிமுறைக் குழுக்கள் இப்படியோர் ஆய்வை அனுமதிக்குமா என்பது வேறு விஷயம். எனக்கும் அதைப் படிக்கும்போதெல்லாம் சங்கடமாகத்தான் இருக்கிறது.

அடுத்த ஆண்டு அவர்கள் செய்ததை இதைவிட முக்கியமானதாகக் கருதுகிறேன். முடங்கிய நாய்களை எப்படி மீட்பது? தடுப்பை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். எதிர்ப்பக்கத்தில் உணவை வைத்து அழைத்துப் பார்த்தார்கள். நாய்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தன. கடைசியில் கழுத்தில் கயிறு கட்டி, மின்சாரம் பாயும் பாதியிலிருந்து பாயாத பாதிக்கு இழுத்தார்கள். முதலில் முழு பலத்தையும் கொடுத்து, கனத்த மூட்டையை இழுப்பதுபோல் இழுக்க வேண்டியிருந்தது. பலமுறை இழுத்த பிறகு இழுப்பின் பலம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு கயிற்றை இலேசாக அசைத்தாலே நாய் நகர்ந்தது. பிறகு கயிறே தேவைப்படவில்லை. உடல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனால் வலி நிற்கிறது என்பதை நாய்க்குச் சொல்லிப் புரியவைக்க வழியில்லை. உடலால் அதைச் செய்யவைத்துத்தான் புரியவைக்க முடிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மூளைத் தூண்டலுக்கு வரும்போது இந்தக் கயிறு மறுபடி வரும்.

மனிதர்களிடம் டொனால்ட் ஹிரோட்டோ 1974இல் நிறுத்த முடியாத பேரிரைச்சலைக் கொண்டு இதையொத்த விளைவைக் காட்டினார். ஒரே தோல்விக்குப் பிறகு ஒருவர் முடங்குவதும் மற்றொருவர் எழுவதும் ஏன் என்பதற்கு, தோல்விக்கு அவரவர் கற்பிக்கும் காரணமே வேறுபாடு என்று 1978இல் லின் ஏப்ரம்சன், செலிக்மன், ஜான் டீஸ்டேல் ஆகியோர் விளக்கினார்கள். ‘என்னிடம்தான் குறை, அது மாறாது, எல்லாவற்றிலும் அப்படித்தான்’ என்று நினைப்பவருக்கு ஆபத்து அதிகம் என்பது அதன் சாரம். உளவியல் பாடநூல்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன.

மேயர் நிறுத்தவில்லை. அவர் கொலராடோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று, நாய்களை விட்டு எலிகளுக்கு மாறி, நரம்பியலைக் கற்று, தாம் இளமையில் கண்டதன் வேரை மூளைக்குள் தேடினார். எலியின் பெட்டியில் முன்புறம் ஒரு சிறு சக்கரம். வாலில் அதிர்ச்சி வரும்போது ஓர் எலி சக்கரத்தைச் சுழற்றினால் அதற்கும் அதனுடன் இணைக்கப்பட்ட மற்றோர் எலிக்கும் ஒரே நேரத்தில் அதிர்ச்சி நிற்கும். இரண்டாவது எலியின் சக்கரம் வெறும் பொம்மை. மூளைத்தண்டில் டார்சல் ராஃபே என்றொரு சிறு நரம்புச் செல் திரள் இருக்கிறது. முன்மூளைக்குச் செரட்டோனின் என்ற நரம்பு வேதிப்பொருளை அனுப்பும் முதன்மையான ஊற்றுகளில் அது ஒன்று. பிடி இல்லாத எலியில் இந்த ஊற்று கட்டுக்கடங்காமல் பாய்ந்தது. அந்தச் செல்கள் பல நாள்களுக்கு எளிதில் சீண்டப்படும் நிலையிலேயே இருந்தன. அந்த நாள்களில்தான் எலி தப்ப முயல்வதில்லை, புதிய எலியை முகர்ந்து பழகுவதும் குறைகிறது. அவ்வளவும் எதிர்பார்த்ததுதான்.

எதிர்பாராதது 2005இல் வந்தது. சக்கரத்தின்மேல் பிடி இருந்த எலிகளின் முன்னெற்றிப் புறணியில், அதாவது நெற்றிக்குப் பின்னால் நடுவில் கீழ்ப்புறம் உள்ள பகுதியில், செல்களைத் தற்காலிகமாக உறங்கவைக்கும் மருந்தைச் செலுத்திவிட்டுச் சக்கரத்தைக் கொடுத்தார்கள். அவை சக்கரத்தை வழக்கம்போலச் சுழற்றின, அதிர்ச்சியை நிறுத்தின. ஆனாலும் மறுநாள் பிடியே இல்லாத எலிகளைப் போலவே முடங்கின. ஆக, கட்டுப்பாடு கையில் இருப்பது மட்டும் போதாது. ‘இது என் கையில் இருக்கிறது’ என்ற செய்தி அந்தப் புறணியின் வழியாக இறங்கி டார்சல் ராஃபேயை அடக்க வேண்டும். முதலாவதாக நிகழ்வது ராஃபேயின் பாய்ச்சல்; புறணி அதற்குப் பிரேக்.

பிறகு 2008இல் இதே குழு எதிர்த் திசையில் சென்றது. பிடி எதுவும் இல்லாத எலிகளுக்கு, அதிர்ச்சி பெறும் நேரத்தில் அதே புறணியை மருந்தால் தூண்டினார்கள். அந்த எலிகள் முடங்கவில்லை. அதைவிட வியப்பு, ஒரு வாரம் கழித்து எந்த மருந்தும் இல்லாமல் மீண்டும் தப்ப முடியாத அதிர்ச்சியைச் சந்தித்தபோதும் அவை தாங்கின. தடுப்பூசி போட்டதைப் போல. தூண்டலால் மீள்திறன், அதாவது அழுத்தத்தைத் தாங்கும் வலிமை, வளருமா என்று நீங்கள் கேட்ட கேள்விக்கு, எனக்குத் தெரிந்தவரை, மிகத் தெளிவான விலங்கு ஆய்வு விடை இதுதான். ஒரு நுணுக்கம் கவனிக்கத்தக்கது: சும்மா இருந்த எலியைத் தூண்டவில்லை, நெருக்கடி நடந்துகொண்டிருக்கும்போதே தூண்டினார்கள். புறணியின் விழிப்பும் நெருக்கடியும் ஒரே வேளையில் சேர்ந்ததால், அடுத்த நெருக்கடியின்போது புறணி தானே விழிக்கக் கற்றுக்கொண்டது என்று அவர்கள் விளக்குகிறார்கள்.

இவற்றையெல்லாம் தொகுத்து மேயரும் செலிக்மனும் 2016இல் சேர்ந்தெழுதிய கட்டுரையில், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாங்களே வைத்த விளக்கத்தைத் தாங்களே கவிழ்த்தார்கள். நீண்ட நேரம் துன்பம் நேர்ந்தால் முடங்குவது மூளையின் இயல்பான, கற்கத் தேவையில்லாத எதிர்வினை, கற்றுக்கொள்ளப்படுவது கட்டுப்பாடு. தம் பெயரைப் புகழ்பெறச் செய்த கருத்தையே திருத்திக்கொள்ளும் அறிஞர்கள் அரிது. யானைக் கதை தலைகீழ் என்று நான் சொன்னதும் இதனால்தான். அந்தக் கதையில் யானை தவறான பாடம் ஒன்றைக் கற்றுவிட்டது, அதை அழித்தால் போதும். எலியின் மூளையிலோ அழிப்பதற்கு ஒரு பாடம் இல்லை. சேர்ப்பதற்குத்தான் ஒரு பாடம் இருக்கிறது. மேடைப் பேச்சாளர்கள் ‘சங்கிலி உன் மனதில்தான்’ என்று கைதட்டல் வாங்கும்போது, கேட்பவன் தன் முடக்கத்துக்குத் தானே குற்றவாளி என்ற எண்ணத்தோடு வீட்டுக்குப் போகிறான்.

இனி மின்சாரத்துக்கு வருவோம். மூளையைத் தூண்டுவது என்றால் ஒரு விளக்கை ஏற்றுவதுபோல் என்று நினைக்கத் தோன்றும். 2012இல் ஸ்டான்ஃபோர்டில் மெலிசா வார்டன், கார்ல் டைசராத் ஆகியோரின் குழு, ஒளியால் நரம்பிழைகளை இயக்கும் முறையைக் கொண்டு, நீந்த வேண்டிய நிலையில் விடப்பட்ட எலிகளின் முன்னெற்றிப் புறணியை ஆராய்ந்தது. அங்கிருந்து டார்சல் ராஃபேக்கு இறங்கும் இழைகளை மட்டும் தூண்டியபோது எலிகள் கூடுதலாகக் கால்களை உதைத்து நீந்தின. அதே புறணியிலிருந்து ஹபெனுலா என்ற இன்னொரு பகுதிக்குப் போகும் இழைகளைத் தூண்டியபோது நீந்துவது குறைந்தது. புறணியின் செல்களை ஒட்டுமொத்தமாகத் தூண்டியபோது குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. ஒரே வீட்டிலிருந்து புறப்படும் இரண்டு தெருக்கள் எதிரெதிர்த் திசையில் போகின்றன. வீட்டு வாசலில் நின்று கூவினால் யார் எந்தப் பக்கம் ஓடுவார்கள் என்று சொல்ல முடியாது. அந்த ஹபெனுலாவில், முடங்கிய எலிகளின் நரம்பிணைப்புகள் அளவுக்கு மீறி வலுத்திருப்பதையும், அங்கே மின்முனை வைத்து ஆழ்மூளைத் தூண்டல் கொடுத்தால் முடக்கம் குறைவதையும் 2011இல் போ லீ, ஃபிரிட்ஸ் ஹென் உள்ளிட்டோர் காட்டியிருந்தார்கள். அங்கே தூண்டலின் பயன் எழுப்புவது அன்று, அடக்குவது.

இன்னொரு விசித்திரம். நியூயார்க்கில் மிங்-ஹூ ஹான் குழு 2014இல், தம்மைவிடப் பெரிய சுண்டெலியிடம் தொடர்ந்து அடிபட்டு ஒடுங்கிய சுண்டெலிகளை ஆராய்ந்தது. ஒடுங்கியவற்றின் மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அளவுக்கு மீறித் துடித்தன. அடிபட்டும் ஒடுங்காதவற்றில் அந்தத் துடிப்பைத் தூண்டும் மின்னோட்டம் இன்னும் அதிகமாகவே இருந்தது. ஆனால் அதற்கு ஈடுகொடுக்கும் எதிர் மின்னோட்டமும் கூடவே வளர்ந்து செல்லைச் சமநிலையில் வைத்திருந்தது. ஆய்வாளர்கள் துணிந்து, ஒடுங்கியவற்றின் துடிப்பை அடக்காமல் மேலும் கூட்டினார்கள். சில நாள்களில் ஈடுசெய்யும் எதிர்வினை எழுந்து அவை இயல்புக்குத் திரும்பின. மீள்திறன் என்றால் பாதிப்பு இல்லாமை என்று பொதுவாகக் கருதுகிறோம். இந்தச் செல்களில் அது பாதிப்புக்கு மேல் செய்யப்படும் கூடுதல் வேலை.

மனிதரில் கதை இவ்வளவு சுத்தமாக இல்லை. டொராண்டோவில் ஹெலன் மேபெர்கும் ஆண்ட்ரெஸ் லோசானோவும் 2005இல், எந்தச் சிகிச்சைக்கும் அசையாத மனச்சோர்வுடைய 6 பேருக்கு, முன்மூளையின் அடியில் உள்ள ‘பகுதி 25’ என்ற இடத்தில் மின்முனை பொருத்தினார்கள். அறுவை மேசையில் விழித்திருக்கையிலேயே, மின்னோட்டம் தொடங்கியதும், வெறுமை விலகியதாகவும் திடீர் அமைதி வந்ததாகவும் நோயாளிகள் சொன்னார்கள். ஆறு மாதத்துக்குப் பின் நால்வரிடம் முன்னேற்றம் நிலைத்திருந்தது. உலகமே பரபரப்பானது. ஆனால் 90 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில், மின்முனை இயக்கப்பட்டவர்களுக்கும் இயக்கப்படாதவர்களுக்கும் ஆறு மாத முடிவில் வேறுபாடு தெரியவில்லை. ஆய்வை நிறுத்த வேண்டியதாயிற்று. விந்தை என்னவென்றால், எல்லோருக்கும் மின்முனையை இயக்கி இரண்டாண்டுகள் தொடர்ந்தபோது ஏறக்குறைய பாதிப் பேர் முன்னேறியிருந்தார்கள். ஒப்பிட வேறு குழு இல்லாததால் அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஆனால் மூளை மாற எடுத்துக்கொள்ளும் காலத்தை அந்த ஆய்வு குறைத்து மதிப்பிட்டுவிட்டதோ என்று ஐயுற இடமிருக்கிறது.

நீங்கள் படித்த காந்தத் தூண்டல் இதைவிட மிக எளியது; மண்டையைத் திறக்க வேண்டியதில்லை. ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் 1985இல் செய்து காட்டிய முறை அது. மனச்சோர்வுக்கு அமெரிக்காவில் 2008இல் ஒப்புதல் பெற்றது. இந்தியாவிலும் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற நிலையங்களில் தரப்படுகிறது. பல் மருத்துவரிடம் இருப்பது போன்ற ஒரு சாய்வு நாற்காலியில் அமரவைப்பார்கள்; காதில் அடைப்பான் கொடுப்பார்கள். காந்தப் புலத்தை உண்டாக்கும், 8 என்ற எண்ணின் வடிவிலான கம்பிச் சுருளை முதலில் தலையின் உச்சிக்குப் பக்கவாட்டில் வைத்து, எந்த அளவு விசையில் உங்கள் கட்டைவிரல் தானாகத் துள்ளுகிறது என்று பார்ப்பார்கள். உங்கள் விருப்பம் இல்லாமல் உங்கள் விரல் அசைவதைப் பார்க்கும் அந்தக் கணம் பலருக்கும் திகைப்பாக இருக்கும். அந்த விசையை அளவுகோலாக வைத்துக்கொண்டு, சுருளை இடது நெற்றிக்கு மேலே நகர்த்துவார்கள். பிறகு மரங்கொத்தி கொத்துவதுபோல் டக்டக்கென்று சத்தம்; தலைத்தோலில் தட்டுவதுபோன்ற உணர்வு. பழைய முறையில் ஓர் அமர்வு 37 நிமிடங்களுக்கு மேல். 2018இல் வெளியான பெரிய ஒப்பீட்டாய்வு, மூன்றே நிமிட அமர்வும் அதற்குக் குறைந்ததன்று என்று காட்டியது. வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம். தலைவலி பொதுவான பக்கவிளைவு. வலிப்பு மிக அரிது, ஆனால் வலிப்பு நோய் உள்ளவர்களும் தலைக்குள் உலோகம் உள்ளவர்களும் கட்டாயம் முன்னதாகச் சொல்ல வேண்டும்.

அந்தக் காந்தப் புலம் மண்டையோட்டுக்குள் சில சென்டிமீட்டர்தான் இறங்கும். எலியில் பிரேக்காகச் செயல்பட்ட பகுதிக்கு ஈடான மனித மூளைப் பகுதி நடுவில், ஆழத்தில் இருக்கிறது; சுருளால் அதை நேரடியாகத் தொட முடியாது. மேற்பரப்பில் தட்டி, அதனோடு தொடர்புடைய ஆழப் பகுதியில் மாற்றம் வரும் என்று எதிர்பார்க்கிறோம். அப்படித் தொடர்பு வலுவாக உள்ள இடத்தில் தட்டப்பட்டவர்களே நன்றாகக் குணமடைகிறார்கள் என்பதற்குச் சான்றுகள் சேர்ந்துவருகின்றன. ஆனாலும் வார்டன் ஆய்வில் கண்ட இரண்டு தெருக்களைப் பிரித்தறியும் நுட்பம் இந்தச் சுருளுக்குக் கிடையாது. ஆகவே 2008 எலி ஆய்வைக் காட்டி ‘மனிதருக்கும் மன உறுதித் தடுப்பூசி’ என்று விளம்பரம் செய்பவர்களை நம்ப வேண்டாம். தலையில் மாட்டிக்கொண்டு வீட்டிலேயே ஓரிரு மில்லியாம்பியர் மின்னோட்டம் செலுத்தும் கருவிகளை இணையத்தில் வாங்கும் எண்ணம் இருந்தால், அதையும் கைவிடுங்கள்.

என் மதிப்பீட்டில், இந்தத் துறையின் எதிர்காலம் தூண்டலைத் தனியாகக் கொடுப்பதில் இல்லை. நாயின் கழுத்தில் கட்டிய கயிற்றை நினைத்துப் பாருங்கள். கயிறு நாயைக் குணப்படுத்தவில்லை. தப்பும் செயலை நாய் செய்து பார்க்கும்படி ஆக்கியது. மின்னோட்டமும் அப்படியொரு கயிறாகவே பயன்படக்கூடும்: கிடப்பவரை நகர்த்தலாம், நகர்ந்தபோது ஏதாவது மாறியது என்ற அனுபவத்தை அதனால் தர இயலாது. தூண்டலையும் உளவியல் சிகிச்சையையும் ஒரே காலத்தில் இணைக்கும் முயற்சிகள் நடப்பது இதனால்தான்.

உங்கள் தம்பியைப் பற்றி. இரண்டு வாரங்களுக்கு மேலாகத் தூக்கம் கெட்டிருந்தால், பசி இல்லை என்றால், முன்பு விரும்பிய எதிலும் நாட்டமில்லை என்றால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு வந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கடைசியாகச் சொன்ன பேச்சு வந்தால் காத்திருக்க வேண்டாம்; 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். அங்கும் காந்தத் தூண்டல் முதல் படியாக இருக்காது. மருந்தும் உளவியல் சிகிச்சையும் பயன் தராதபோதே அதைப் பரிந்துரைப்பார்கள்.

அவையெல்லாம் இல்லை, விண்ணப்பிக்க மட்டும் மறுக்கிறான் என்றால், அவன் நிலையை அந்தப் பெட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். போட்டித் தேர்வில் செயலுக்கும் விளைவுக்கும் நடுவே பல மாதங்கள் கிடக்கின்றன. இன்று நான்கு மணி நேரம் படித்தது எந்த மதிப்பெண்ணாக மாறியது என்று அவனால் காண முடியாது. கட்-ஆஃப் எங்கே நிற்கும் என்பது அவன் கையில் இல்லை. சக்கரம் உண்மையானதாக இருந்தாலும் பொம்மைச் சக்கரம் போலவே தோன்றும் ஏற்பாடு அது. எலியிலிருந்து மனிதனுக்குத் தாவும்போது அடக்கம் வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: ‘உன்னால் முடியும்’ என்ற சொல், எதிர்ப்பக்கத்தில் வைத்த உணவைப் போன்றது, கிடப்பவர் அதற்கு எழுவதில்லை. பழைய வினாத்தாளிலிருந்து இருபது கேள்விகளை மட்டும் எடுத்து, அவனோடு உட்கார்ந்து, அன்று மாலையே திருத்திப் பாருங்கள். தவறிய கேள்விகளின் பாடத்தை மட்டும் மறுநாள் படித்துவிட்டு, அதே பாடத்திலிருந்து வேறு இருபது. எண்ணிக்கை ஏழிலிருந்து பதினொன்றானால் அது எதனால் ஆனது என்று அவனுக்கே தெரியும். முதல் சில நாள்கள் நீங்கள்தான் இழுக்க வேண்டியிருக்கும், அதுவும் முழு பலத்தோடு. அவன் இந்தத் தேர்வை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போக முடிவெடுத்தால் அதையும் முடக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். பெட்டியை விட்டே வெளியேற அந்த நாய்களுக்கு வழி இருக்கவில்லை, அவனுக்கு இருக்கிறது.